ஆணைக்கு முந்தைய நிமிடம்

ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்து லேக் மார்க்கெட் பக்கம் பிரியும் ஒரு சந்து. கீழே பூக்காரர் மீந்த கதம்பத்தின் மேல் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடுகிறார். வாழையிலைக் கட்டுகள் விற்றுத் தீர்ந்துவிட்டன. மழை பெய்து ஓய்ந்த தெருவில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு போகிறார். மூன்றாவது மாடி அறையில் மின்விசிறி சுழல, லேப்டாப் வெளிச்சம் இரண்டு இளைஞர்களின் முகத்தில் விழுகிறது. ஒருவன் இந்த வீட்டுப் பையன். தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்து கல்கத்தாவில் ஊன்றிய குடும்பம். மற்றவன் அவனோடு கல்லூரியில் படித்த வங்காளி நண்பன். சுவரோரக் கட்டிலில் நான், வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். பார்ப்பதற்கு அது வசதி.

திரையில் ஒரு சந்திரன் விரிந்து கிடக்கிறது. காற்றில்லாத வெளி, சாம்பல் மண், கறுப்பு வானம். அங்கே நான்கு மெக்குகள் நிற்கின்றன. மெக் என்பது மூன்று நான்கு மாடி உயரத்தில் இரண்டு காலில் நடக்கும் போர் எந்திரம். தோளிலும் நெஞ்சிலும் பீரங்கி, லேசர், ஏவுகணை. தலைக்குள் ஒரே ஒரு பைலட். நான்கு மெக் சேர்ந்தால் ஒரு லேன்ஸ். ஓட்டுபவர்கள் எந்த அரசின் கொடிக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. ஒப்பந்தம் போட்டுக் கூலிக்குப் போர் செய்கிறவர்கள். அவர்களுக்குத் தலைவன், கட்டிலுக்குக் கீழே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் இந்தப் பையன்.

விளையாட்டின் பெயர் பேட்டில்டெக். 1984இல் சிகாகோவின் ஃபாசா நிறுவனம் இதை அட்டைப்பெட்டியில் போட்டு விற்றது. அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட வரைபடம், இரண்டு பகடை, ஒவ்வொரு மெக்குக்கும் பென்சிலால் கட்டம் கட்டமாக அடித்துக் குறைக்க ஒரு தாள். முதலில் பேட்டில்ட்ராய்ட்ஸ் என்றிருந்த பெயரை மறு ஆண்டே மாற்றினார்கள். ஃபாசாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மன், பிறகு ஹேர்பிரெயின்ட் ஸ்கீம்ஸ் என்ற நிறுவனத்தின் வழியாக அதே உலகத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தார். 2018 ஏப்ரலில் அது வெளிவந்தது. கதை நடப்பது 3025ஆம் ஆண்டில். மனிதகுலம் நட்சத்திரங்களுக்கிடையே பரவி, அரச குடும்பங்களாகப் பிரிந்து, நூற்றாண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்கிறது. உறவினர் ஒருவரிடம் அரியணையை இழந்த கமேயா அரானோ என்ற இளம் அரசி அதை மீட்கப் போராடுகிறாள். அவளுக்குக் கூலிப்படையாகப் போவதுதான் முதன்மைக் கதை.

கதையை விட்டுவிட்டு நான் பையனின் கையைப் பார்க்கிறேன். அது சுட்டியின் மேல் இருக்கிறது, அசையவில்லை.

இந்த விளையாட்டில் விரல் வேகத்துக்கு மதிப்பு இல்லை. ஒரு தரப்பு நகர்த்தினால் இன்னொரு தரப்பு காத்திருக்கும். எடை குறைந்த மெக் ஒவ்வொரு சுற்றிலும் முன்னால் நகரும், எடை கூடியது பின்னால். இருபது டன் லோகஸ்ட் ஓடி முடித்த பிறகுதான் நூறு டன் அட்லஸ் காலைத் தூக்கும். ஆனால் முந்தி நகர வேண்டிய மெக்கைத் தலைவன் நிறுத்திவைக்கலாம். ‘ரிசர்வ்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அந்த மெக் தன் வாய்ப்பைச் சுற்றின் கடைசிவரை தள்ளிப்போடலாம். எதிரி எங்கே போகிறான், யாரை நோக்கித் திரும்புகிறான் என்று பார்த்தபின் நகரலாம். புதிதாக விளையாட வருபவர்கள் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. இந்தப் பையன் அதைத் தேடித் தேடி அழுத்துகிறான்.

இப்போது முன்னால் நிற்பது ஸ்பைடர். முப்பது டன், தாவும், ஓடும், அடி தாங்காது. உள்ளே இருப்பவன் பெயர் டெக்கர். தலைவனுக்கு ஆரம்பத்திலேயே வாய்க்கும் நால்வரில் ஒருவன். மற்றவர்கள் பெஹமோத், மெடூஸா, க்ளிட்ச். டெக்கர் சீக்கிரம் சாகிறவன் என்று இந்த விளையாட்டை ஆடுபவர்களிடையே உலகம் முழுக்கப் பேச்சு. குன்றுக்கு அந்தப் பக்கம் ஹன்ச்பேக் வந்து நிற்கிறது. ஐம்பது டன், தோளில் ஒற்றைப் பெரும்பீரங்கி. அந்தக் குண்டு தலையில் பட்டால் பைலட் பிழைக்க வழியில்லை.

“பின்னாடி தாவிப் போய் அடி. முதுகுல கவசமே இல்ல அதுக்கு” என்று வங்காள மொழியில் சொல்கிறான் நண்பன். சரியான யோசனைதான். ஸ்பைடர் தாவினால் எட்டும். லேசர்கள் முதுகில் பட்டால் ஹன்ச்பேக் விழலாம். விழாவிட்டால் அடுத்த நொடி அது திரும்பும்.

பையன் ஸ்பைடரின் இடது காலைக் காட்டும் கட்டத்தைப் பார்க்கிறான். கவசம் போய் உள்சட்டம் தெரிகிறது. வெப்பமானியைப் பார்க்கிறான். ஆயுதங்களைச் சுடும்போதெல்லாம் மெக்குக்குள் சூடு ஏறும். நீர்நிலையில் நின்றால் சூடு விரைவாகத் தணியும். இந்தச் சந்திரனில் காற்றே இல்லை. ஏறிய சூடு லேசில் இறங்காது. அளவு மீறினால் எந்திரம் தன்னையே எரித்துக்கொள்ளும், பிறகு அப்படியே அணைந்து நிற்கும். இதையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். கடைசியாக டெக்கரின் முகம் இருக்கும் சின்னச் சதுரத்துக்கு வருகிறான். அங்கே ஏற்கெனவே ஒரு காயக் குறி.

சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

“டேய், தோசை ஆறிண்டிருக்கு.”

“ரெண்டு நிமிஷம்மா. டெக்கர் மாட்டிண்டுட்டான்.”

“யாருடா அது டெக்கர்?”

“என்கிட்ட வேலை பாக்கறவன்.”

சொல்லிவிட்டு ரிசர்வை அழுத்துகிறான். ஹன்ச்பேக் நகர்கிறது. பையனுடைய இன்னொரு மெக்கான ஷேடோ ஹாக்கை நோக்கித் திரும்பிச் சுடுகிறது. ஷேடோ ஹாக்கின் வலது தோள் பிய்ந்து விழுகிறது. நண்பன் தலையில் கை வைக்கிறான். இப்போது டெக்கரின் வாய்ப்பு. ஹன்ச்பேக்கின் முதுகு திறந்து கிடக்கிறது. பையன் டெக்கரைக் குன்றின் மறைவுக்கு இழுத்துக்கொள்கிறான். அடுத்த சுற்றில் மொத்த லேன்ஸையும் பின்வாங்கச் சொல்கிறான். ஒப்பந்தத்தின் ஒரு நோக்கம் நிறைவேறியிருப்பதால் நல்லெண்ணத்தோடு விலகியதாகக் கணக்காகும். கூலியில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

“ஜெயிச்சிருக்கலாம்” என்கிறான் நண்பன்.

“ஆமா” என்று எழுந்து தோசை சாப்பிடப் போகிறான் பையன்.

*

போர்க்களத்தை விட இந்த விளையாட்டின் கப்பல்தான் என்னை அதிகம் பிடித்துவைத்தது. ஆர்கோ என்று பெயர். களத்தில் நடப்பது கொஞ்சம். கப்பலில் நடப்பது நிறைய. மெக்குகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் யாங் விர்ட்டனென் என்ற தலைமை மெக்கானிக் நிற்கிறார். தோள் பிய்ந்த ஷேடோ ஹாக்கைச் சரிசெய்ய இத்தனை நாள், இவ்வளவு பணம் என்று பட்டியல் வருகிறது. மருத்துவ அறையில் அடிபட்ட பைலட்டுகள் படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, எழுந்து நடக்க எத்தனை நாள் என்ற எண். அந்த நாள் கழியாமல் அவரைக் களத்துக்கு அனுப்ப முடியாது.

மாதம் முடிந்ததும் கணக்கு ஒன்று திரையில் வந்து நிற்கும். பைலட்டுகளின் சம்பளம், மெக்குகளின் பராமரிப்பு, கப்பலின் செலவு. கட்டாமல் மேலே போக முடியாது. பணம் தீர்ந்தால் விளையாட்டே தீர்ந்தது. எந்த எதிரியும் தேவையில்லை. செலவில் ஐந்து படிகள் உண்டு. கீழ்ப்படியில் எல்லோரும் வயிற்றைக் கட்ட வேண்டும், மேல்படியில் தாராளம். கீழே இறக்கினால் கையில் காசு நிற்கும். கப்பலில் மன ஊக்கம் குறையும்.

அன்றைக்குப் பாதிக் கூலியோடு திரும்பிய மாதம். கையிருப்பு பழுதுச் செலவுக்கும் சம்பளத்துக்கும் சேர்த்துப் போதவில்லை. நண்பன் கீழ்ப்படியைக் காட்டுகிறான். “ஒரு மாசந்தானே. யார் கேக்கப்போறா?”

பையன் நடுப்படியிலேயே வைக்கிறான். கொட்டகையில் சும்மா நிற்கும் லோகஸ்ட்டை விற்கிறான். ஆர்கோவில் எல்லோருக்கும் வழக்கமான சம்பளம் போகிறது.

அதே நேரம் அவனுடைய கைபேசி அதிர்கிறது. அதை அவன் பார்க்கிற விதத்தை நானும் பார்க்கிறேன். சால்ட் லேக், செக்டர் ஃபைவில் ஒரு பெரிய கட்டடத்தில் அவனுக்கு வேலை. அந்தக் கட்டடத்தின் நிறுவனத்துக்கு அவன் ஊழியன் இல்லை. ஆள் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் பட்டியலில் இருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. காய்ச்சல் என்று படுத்தால் அன்றைய கூலி கிடையாது. அடையாள அட்டையின் கயிறுகூட மற்றவர்களுடையதைப் போல இல்லை, வேறு நிறம். காலையில் அதைக் கழுத்தில் மாட்டாமல் சட்டைப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு மெட்ரோவுக்குப் போவான். புதுப்பிப்பு நாள் நெருங்க நெருங்கச் செய்தி ஒலி கேட்டாலே தோள் கொஞ்சம் உயரும். இது அவன் சொல்லி நான் அறிந்ததில்லை. கதவோரம் அம்மாவும் பையனும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

கைபேசியில் வந்தது ஏதோ விளம்பரம். தோள் இறங்குகிறது. திரும்பி டெக்கரின் மருத்துவ நாட்களைப் பார்க்கிறான். இன்னும் இருக்கின்றன. “ஓய்வெடு” என்று மெல்லச் சொல்கிறான், தமிழில்.

கப்பலில் இன்னொரு பக்கம் உண்டு. பைலட்டுகள் தங்கும் இடத்தில் ஒரு நினைவுச் சுவர். களத்தில் இறந்தவர்களின் பெயர் அங்கே இருக்கும். புதிய ஒப்பந்தம் எடுக்குமுன் பையன் அதைத் திறக்கிறான். பெஹமோத்தின் பெயர் அங்கே இருக்கிறது. திறந்து, வாசித்து, மூடுகிறான். ஆட்டத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, புள்ளி கிடைக்காது. நண்பன் அந்த நேரம் மண் கோப்பையில் மீந்த டீயைக் குடித்து முடிக்கிறான். அவனும் பேசுவதில்லை.

*

ஞாயிறு மாலை இருவரும் கரியாஹாட்டுக்கு நடக்கிறார்கள். நானும் பின்னால் போகிறேன். ராஷ்பிஹாரி அவென்யூ நெடுக நடைபாதைக் கடைகள்: தாந்த் புடவை, பித்தளைக் குத்துவிளக்கு, தலையணை உறை. மேம்பாலத்தின் அடியில், போக்குவரத்துக்கு நடுவே, சதுரங்கம் நடக்கிறது. பலகைகள் வரிசையாக இருக்கின்றன. வங்கியில் ஓய்வு பெற்றவர், மீன் கடையிலிருந்து நேரே வந்தவர், பள்ளிப் பையை இன்னும் கழற்றாத சிறுவன், எல்லோரும் அதே வரிசையில். தலைக்கு மேலே பேருந்து போகும்போது தூண் லேசாக அதிர்கிறது. காய்கள் அதிர்வதில்லை, கனமான காய்கள்.

ஆடும் ஒவ்வொருவரைச் சுற்றியும் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. கல்கத்தாவின் தேநீர்க் கடையில் இவ்வளவு பேர் கூடினால் அரசியல், கால்பந்து, சினிமா எல்லாம் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இங்கே அதே மனிதர்கள் மூச்சை அடக்கி நிற்கிறார்கள். வெள்ளை வேட்டி கட்டிய முதியவர் குதிரையைத் தொட விரலை நீட்டுகிறார், இழுத்துக்கொள்கிறார். மறுபடி நீட்டுகிறார். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறான் நம் பையன்.

இந்த ஊருக்கு இந்த ஆட்டத்தில் பழைய உறவு. ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் கல்கத்தாவில் தொழில் செய்தார். அக்காலத்தின் பலமான ஆட்டக்காரர்களில் ஒருவர். 1848 வாக்கில் அவருக்கு எதிரே கிராமப்புறத்திலிருந்து வந்த மகேஷ்சந்திர பானர்ஜி உட்கார்ந்தார். அடுத்த பல ஆண்டுகளில் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். ஐரோப்பியர்கள் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிப் பலகையின் நடுவைப் பிடிக்கப் பாய்ந்த காலம் அது. நம் ஊர் முறையில் சிப்பாய்க்கு ஒரு கட்டம்தான். அந்த முறையில் ஊறிய மகேஷ்சந்திரர் நடுவை எதிரிக்கு விட்டுக்கொடுத்தார், பிஷப்பை ஓரத்தில் குடியமர்த்தினார், எதிரி தன் படையைப் பரப்பி முடிக்கும்வரை பொறுத்திருந்தார், பிறகு தாக்கினார். இன்று உலகமே ஆடும் இந்தியத் தற்காப்பு வகைகளுக்கு அவருடைய ஆட்டங்களிலிருந்துதான் பெயர் வந்தது. இதே ஊர்ப் பையன் திப்யேந்து பருவா 1982இல் லண்டனில் விக்டர் கோர்ச்னாயைத் தோற்கடித்தார். 1991இல் ஆனந்துக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

பையன் ரிசர்வ் பொத்தானைக் கற்ற இடம் இந்தப் பாலத்தடி என்று எனக்கு இங்கேதான் புரிந்தது. லேப்டாப் வாங்கக் காசு சேருமுன்பே, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இங்கே நின்றிருக்கிறான். முதியவர் அவனை அடையாளம் கண்டு தலையசைக்கிறார். “எஷோ, பாபா” என்று பக்கத்தில் இடம் காட்டுகிறார்.

ஆனால் பலகைக்கும் அந்தச் சந்திரனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சதுரங்கத்தில் வெட்டுப்பட்ட சிப்பாய் பெட்டிக்குள் போகும்; அடுத்த ஆட்டத்தில் முழு உடம்போடு திரும்பி நிற்கும். எட்டுச் சிப்பாய்க்கும் பெயர் இல்லை. வலி இல்லாததால் அழகான ஆட்டம் அது. பேட்டில்டெக்கில் இறந்தவர் திரும்புவதில்லை. அங்கே பலி கொடுப்பதற்கு ஒரு பெயர் பலியாக வேண்டும்.

*

மறுநாள் பையன் அலுவலகத்துக்குப் போன பிறகு நான் டல்ஹௌசி பக்கம் போனேன். ஆளுநர் மாளிகைக்கு அருகே புனித யோவான் தேவாலயம். 1787இல் திறந்தது. மரங்கள் அடர்ந்த வளாகம், நகரத்தின் சத்தம் சுவருக்கு வெளியே நின்றுவிடுகிறது. தோட்டக்காரர் ஒருவர் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

கூலிப்படை என்ற சொல் கல்கத்தாவுக்கு விண்வெளிக் கதை இல்லை. இந்த ஊரில் லா மார்ட்டினியர் என்ற பெயர் பெற்ற பள்ளி ஒன்று இருக்கிறது. 1836இல் தொடங்கியது. அதற்குப் பணம் விட்டுப்போன க்ளாட் மார்ட்டின் பிரான்சின் லியோனில் 1735இல் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் சிப்பாயாக நம் புதுச்சேரிக்கு வந்தார். ஆங்கிலேயர் புதுச்சேரியை நெருக்கிய காலத்தில் அவர்கள் பக்கம் மாறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் மேஜர் ஜெனரல்வரை உயர்ந்து, லக்னோவில் பெரும் செல்வம் சேர்த்து, 1800இல் இறந்தார். பக்கம் மாறிய கூலி வீரர் ஒருவர் பெயர் இரு நூற்றாண்டு கடந்தும் பள்ளி வாசலில் நிற்கிறது. கொடுத்துப் போனார், நிற்கட்டும்.

நான் தேடி வந்தவர்கள் வேறு. 1756 ஜூனில் நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றிய செய்தி சென்னையை எட்டியது. அக்டோபரில் சென்னையிலிருந்து அட்மிரல் வாட்சனின் கப்பல்கள் புறப்பட்டன. படைக்குத் தலைவர் ராபர்ட் கிளைவ். கப்பல்களில் ஏறத்தாழ 900 ஐரோப்பிய வீரர்கள், 1,500 இந்தியச் சிப்பாய்கள். கர்நாடகப் போர்களில் கம்பெனி கூலிக்குச் சேர்த்த ஆட்கள். தமிழும் தெலுங்கும் பேசும் ஊர்களின் ஆண்கள். கடல் தாண்டுவதே பயமாக இருந்த காலத்தில், எங்கே போகிறோம் என்று முழுதும் தெரியாமல் அவர்கள் ஏறியிருப்பார்கள். டிசம்பர் இறுதியில் படையில் ஒரு பகுதி ஹூக்ளிக் கரையில் இறங்கி, பட்ஜ்பட்ஜ் கோட்டையை நோக்கி ஓர் இரவு முழுக்கச் சேற்றிலும் ஓடைகளிலும் நடந்தது. விடிந்ததும் களைப்பில் அத்தனை பேரும் தூங்கிப்போனார்கள். போதிய காவல் நிறுத்தப்படவில்லை. நவாபின் அதிகாரி மாணிக்சந்தின் படை அந்தத் தூக்கத்தின் மேல் வந்து விழுந்தது. எழுந்து சமாளித்தார்கள். 1757 ஜனவரி 2இல் கல்கத்தா மீண்டது. ஜூன் 23இல் நவாபைத் தோற்கடித்த பிளாசிப் போர். அங்கே கிளைவிடம் இருந்த மூவாயிரம் பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இந்தியச் சிப்பாய்கள்.

இந்த வளாகத்தில் வாட்சனின் கல்லறை இருக்கிறது. வெற்றி பெற்ற அதே ஆண்டின் ஆகஸ்டில் நோயில் இறந்தார். நவாப் கல்கத்தாவைப் பிடித்த இரவில் நடந்த இருட்டறைச் சம்பவத்தில் இறந்தவர்களுக்குக் கர்சன் பிரபு எழுப்பிய ஹால்வெல் தூண் இருக்கிறது. சுபாஷ் சந்திர போஸ் முன்னின்று நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு, 1940இல் அதைத் தெருவிலிருந்து பெயர்த்து இங்கே வைத்தார்கள். சிறையறையில் 146 பேர் அடைபட்டு 123 பேர் இறந்ததாக, அதில் உயிர் பிழைத்த கம்பெனி அதிகாரி ஹால்வெல் எழுதினார். அந்த எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. தூணில் ஐரோப்பியர் பெயர்கள் பொறித்திருக்கின்றன. அவற்றை முழுவதும் வாசித்தேன். இறந்தவர்கள் யாரானாலும் பெயர் சொல்லப்பட வேண்டியவர்கள்தான்.

பிறகு தோட்டம் முழுக்க நடந்தேன். சென்னையில் கப்பலேறிய அந்த 1,500 பேரில் ஒருவர் பெயரும் இங்கே இல்லை. தலைவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் விட்டுப்போனார்கள். அனுப்பப்பட்டவர்கள் ஓர் எண்ணாகப் புத்தகத்தில் நிற்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஒரு முனுசாமியோ, ஆற்காட்டுப் பக்கத்து ஒரு காதரோ சேற்று வயலில் விழுந்தபோது, கணக்குப்பிள்ளை ஒரு கோடு அடித்திருப்பார்; அதோடு சம்பளம் நின்றிருக்கும்.

கதையில் பிறந்த பெஹமோத்துக்கு ஒரு சுவர் இருக்கிறது. உண்மையில் பிறந்து, உண்மையில் நடந்து, நம் மொழியில் அம்மா என்று சொல்லி விழுந்தவனுக்கு இல்லை. அந்தத் தோட்டத்தில் இதை நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

*

வெள்ளி இரவு. டெக்கரின் மருத்துவ நாட்கள் முடிந்துவிட்டன. திரையில் புதிய ஒப்பந்தங்கள். ஒப்பந்தம் பேசுவதற்கு இந்த விளையாட்டில் ஒரு மேசை உண்டு: பணம் எவ்வளவு, களத்தில் விழுந்த எதிரி மெக்குகளின் உதிரிகளில் பங்கு எவ்வளவு என்று இரண்டு அளவுகோல்களை நகர்த்த வேண்டும். இரண்டையும் குறைத்துக் கேட்டால் நற்பெயர் கூடும். உதிரி வேண்டும் என்கிறான் நண்பன். சேர்த்துவைத்தால் புது மெக் கட்டலாம். பையன் பணத்தை நோக்கி நகர்த்துகிறான். மாதக் கடைசி வருகிறது.

பிறகு யாரை அனுப்புவது என்ற பக்கம். நான்கு இடம். க்ளிட்ச், மெடூஸா, அவன் தானே ஏறும் பிளாக்ஜாக், நான்காவதாக டெக்கர். டெக்கரின் பெயரை ஸ்பைடருக்கு மேல் வைக்கிறான், எடுத்துவிடுகிறான், கவசம் கூடிய விண்டிகேட்டரின் மேல் வைக்கிறான். வேகம் குறையும், உயிர் நிற்கும். நண்பன் இந்த முறை மறுத்துப் பேசவில்லை. “அவனுக்கு அதுதான் சரி” என்கிறான். டெக்கரை அதுவரை ‘அது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ‘அவனுக்கு’ என்றதை நான் கவனித்தேன்.

கைபேசி மறுபடி அதிர்கிறது. இந்த முறை விளம்பரம் இல்லை. பையன் வாசிக்கிறான். மூன்று மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். செய்தியில் அவன் பெயர் இல்லை. ஆறு இலக்க ஊழியர் எண்தான் இருக்கிறது. அம்மாவிடம் போய்ச் சொல்கிறான். அம்மா சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, பாயசத்துக்குச் சேமியா இருக்கிறதா என்று டப்பாவைத் திறக்கிறார். பையன் திரும்பி வந்து பாயில் உட்கார்கிறான்.

விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான். அந்தப் பையனுக்கு மேலே இருக்கிற எந்த மேசையிலும், அவன் அந்த லேப்டாப்பில் செய்கிறதை அவனுக்காக யாரும் செய்யவில்லை. இருந்தும் அவன் செய்கிறான். யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கணக்குக் கேட்காத மனிதர்களுக்கு, சம்பளத்தைக் குறைக்காமல் கொடுக்கிறான். காயம் ஆறும்வரை காத்திருக்கிறான். வெற்றியை விட்டுவிட்டு ஓர் ஆளைத் திரும்பக் கூட்டிவருகிறான். தனக்குக் கிடைக்காத நியாயத்தைத் தன் கைக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்க ஒருவனால் முடியும் என்று அந்தப் பாயருகே நான் கண்டேன். தளபதிகளின் வரலாற்றில் அதைக் கண்டது குறைவு.

முறை வைத்து ஆடும் ஆட்டம் அவனுக்குக் கொடுத்த பயிற்சி அது. ஒவ்வோர் ஆணைக்கும் முன்னால் ஒரு நிமிடம் நிற்கச் சொல்கிறது; அந்த நிமிடத்தில் காயத்தையும் சூட்டையும் பெயரையும் கண்ணுக்கு முன் வைக்கிறது. ஆளை அனுப்பும் அதிகாரம் உள்ள எல்லா மேசைக்கும் அந்த நிமிடம் வேண்டும். போர்த் தலைமையகத்துக்கு வேண்டும், ஒப்பந்தக்காரரின் அறைக்கு வேண்டும், சாக்கடைக்குள் மனிதனை இறக்கும் நகராட்சிக்கு வேண்டும். போகிறவரின் பெயரை வாய்விட்டு வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் தெரியாவிட்டால், தெரியும்வரை அனுப்பக் கூடாது.